சொக்கிலையும் குனியாத தலைகளும்

பஞ்சுமலைக் காட்டுல ஒரு கேளையாடு இருந்தா. பேரு சிலம்பாயி. கேளையாடுன்னா ஆடு இல்ல, அது மான்ல ஒரு வகை. உருவம் சின்னது, சத்தம் பெருசு. நாய் மாதிரி குரைக்கும். சிலம்பாயி குரைச்சா பக்கத்து மலை தூக்கத்துல புரண்டு படுக்கும்.

அவளுக்கு ஒரு குட்டி. பேரு பொம்மி. பொம்மி நல்லா துள்ளுவா, பட்டாம்பூச்சிகிட்ட வம்பிழுப்பா, தன் நிழலை மிதிச்சுட்டு மன்னிப்பு கேப்பா. ஆனா திடீர்னு நாலு காலும் விறைச்சுக்கும். கண்ணு மேல செருகிக்கும். தலை தொப்புனு விழுந்துடும். வலிப்பு.

அதுக்கு ஒரே ஒரு மருந்து இருந்துச்சு. மலையோட தெக்குச் சரிவுல வளர்ற சொக்கிலை. சிலம்பாயி ஒரு இலையை மென்னு, அந்தச் சாறைக் குட்டி நாக்குல தடவுவா. வலிப்பு அடங்கும். விறைச்ச காலு பூ மாதிரி தளரும். கூடவே கொஞ்சம் கனவும் வரும்.

"அம்மா, மேகம் கீழ எறங்கி வந்து என் காதை நக்குது!"

"நக்கட்டும்டி. நீ தூங்கு!"

சிலம்பாயிக்குப் பக்கத்துப் புதர்ல ஒரு முள்ளம்பன்றி இருந்தான். பேரு இருளப்பன். உடம்பெல்லாம் முள்ளு, வாயெல்லாம் அதைவிடக் கூர்மை. அவனுக்கு முட்டியில வாதம். குளிர் வந்தா எழுந்து நிக்கவே முடியாது. அவனுக்கும் சொக்கிலைதான் துணை. இலையை மென்னுட்டா, "தங்கச்சி, என் முள்ளெல்லாம் புல்லாயிடுச்சு, யாராச்சும் வந்து கட்டிப்பிடிங்க!"ம்பான். யாரும் கிட்டப் போக மாட்டாங்க.

இதுல ஒரு சிக்கல். சொக்கிலையைத் தொடக்கூடாதுன்னு சிங்கராஜா எப்பவோ தடை போட்டுட்டார்.

காரணம் குரங்குங்க. ஒரு நாள் ஒரு குரங்குக் கூட்டம், நோய் நொடி எதுவும் இல்லாம, சும்மா வேடிக்கைக்கு, சரிவுல இருந்த இலையை வயிறு முட்ட மேஞ்சுடுச்சு. மேஞ்சுட்டு நேரா போய் அருவியைப் பொண்ணு கேட்டுது. அருவி பதில் சொல்லல. அவமானம் தாங்காம அருவி மேலேயே கல்லெறிஞ்சுது. கீழ படுத்திருந்த ராஜா மண்டையில கல்லு விழுந்துச்சு. அன்னையிலேர்ந்து தடை.

நோயாளிங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு இலை தின்னாங்க. மாட்டினா மலையை விட்டே விரட்டுவாங்க. கடைசியில சிலம்பாயி பொறுக்க மாட்டாம ராஜா குகை வாசல்ல நின்னு குரைச்சா. இருளப்பன் கூட நின்னான். வயசான யானை நின்னுச்சு. சிறகு ஒடிஞ்ச நாரை ஒத்தைக் கால்ல நின்னுச்சு. அது எப்பவுமே ஒத்தைக் கால்தான், இருந்தாலும் நின்னுச்சே!

சத்தம் தாங்காம ராஜா வெளிய வந்தார்.

"சரி சரி! நோயாளிங்களுக்கு இலை உண்டு! யாருக்கு, எப்படி, எவ்வளவுன்னு சட்டம் போடச் சொல்றேன்! இப்ப கொஞ்சம் தூங்க விடுங்க!"

காடே கூத்தாடுச்சு. சிலம்பாயி பொம்மியை நக்கி நக்கி அவ முடியெல்லாம் ஒரு பக்கமா படிஞ்சு போச்சு.

மறுநாள் காலையில போய்ப் பாத்தா, குகை வாசல்ல ஒரு பாறை. உள்ள பேச்சுவார்த்தை நடக்குதாம். உள்ள யாரு? ராஜா, கரடி மந்திரி, அப்புறம் நரி.

சிலம்பாயி பாறையைக் குளம்பால தட்டினா. ரொம்ப நேரம் கழிச்சுப் பாறை ஒரு விரக்கடை நகந்துச்சு. கரடி மந்திரியோட மூக்கு மட்டும் வெளிய வந்துச்சு.

"என்ன சத்தம் இங்க?"

"மந்திரியாரே, எங்களைப் பத்தித்தான் உள்ள பேசுறீங்க. நாங்களும் உள்ள வரணும்."

"உள்ள இடமில்ல!"

"நரி இருக்கானே?"

"அவர் ஒல்லி!"

இருளப்பன் முன்னாடி வந்தான். "நானும் ஒல்லிதான் மந்திரியாரே. முள்ளை மடக்கிட்டா ஒரு பலாக்கொட்டை அளவுதான் இருப்பேன்."

"நரியாருக்கு எந்த நோயும் இல்ல. அதனால நடுநிலையா பேசுவார். நீங்க நோயாளிங்க. உங்களுக்கு இதுல சொந்த லாபம் இருக்கு!"

"வலி போறது லாபமா?" சிலம்பாயி கேட்டா. "சரி, என்ன பேசுறீங்கன்னாவது சொல்லுங்க."

"அது ரகசியம்!"

"எப்ப முடியும்?"

"அதைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்!"

"மந்திரியாரே," இருளப்பன் தலையைச் சாய்ச்சான், "உங்க வாயோரத்துல என்னமோ பச்சையா ஒட்டியிருக்கே?"

கரடி அவசரமா நாக்கால துடைச்சுக்கிட்டார். "ஆராய்ச்சி!" அப்படின்னார். பாறை மூடிக்கிச்சு. உள்ளேர்ந்து ஒரு பெரிய சிரிப்பு. அப்புறம் அதே சிரிப்பு இன்னும் பெருசா.

அதோட போகல. சட்டம் முடியுற வரைக்கும் சரிவுப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு ஒரு செந்நாயைக் காவலுக்கு நிறுத்திட்டாங்க. முன்னாடியாவது ஒளிஞ்சு தின்னாங்க. இப்ப அதுவும் போச்சு. நோயாளிக்கு இலை உண்டுன்னு ராஜா சொன்னதுக்கு அப்புறம்தான் நோயாளிக்கு இலையே இல்லாமப் போச்சு.

பொம்மிக்கு வலிப்பு அடிக்கடி வர ஆரம்பிச்சுது. காலையில ஒண்ணு வரும். வெயில் ஏறினா இன்னொண்ணு. தெளிஞ்சு எழுந்து நிக்கும்போது கண்ணுல ஒரு மங்கல். "அம்மா, நீ ஏன் ரெண்டா நிக்குற?"ன்னு கேட்டா ஒரு தடவை.

சிலம்பாயி சரிவுக்கே போய்ட்டா. செந்நாய் குறுக்க நின்னுச்சு.

"போக்கா. உள்ள விட்டா என் தோலை உரிப்பாங்க."

"என் புள்ளையைப் பாத்தியா?"

"பாக்கலக்கா. பாத்தா விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் பாக்கல."

அன்னைக்குச் சாயங்காலம், வானம் பழுத்த கொய்யா உள்பக்கம் மாதிரி செவந்து கிடக்கும்போது, குகைக்கு மேல இருந்த ஒரு பொந்துலேர்ந்து வௌவால் ஒண்ணு வெளிய வந்துச்சு. நேரா இருளப்பனோட புதருக்கு மேல ஒரு கிளைக்கு வந்து தலைகீழா தொங்கினான்.

"அண்ணே, ஒரு சேதி."

"நீ எங்கடா இருந்த?"

"குகைக்குள்ளதான். என் வீடே அதுதானே? பேச்சுவார்த்தைக்கு எல்லாரையும் வெளிய அனுப்பினாங்க. ஆனா குகைக்குள்ள போனவன் எவன் மேல பாக்குறான்? நான் அவங்க மண்டைக்கு மேலதான் தொங்கிட்டிருந்தேன். தூங்கலாம்னு பாத்தேன், சிரிப்புச் சத்தத்துல தூக்கமே வரல."

சிலம்பாயி காதை நிமித்தினா. "என்ன பேசினாங்க? சொல்லு தம்பி!"

"தெக்குச் சரிவு முழுக்க நரிக்கு. சுத்தி முள்வேலி. இலையை யாரும் தானா பறிக்கக்கூடாது. நரி பறிச்சு, காயவெச்சு, உருண்டை பிடிச்சுக் குடுப்பான். பதிலுக்கு அவங்கவங்க தீனியில பாதியை அவனுக்குக் குடுக்கணும். அப்புறம், யாருக்கு உண்மையா நோய்னு பாத்துச் சொல்ல ஒரு வைத்தியர்."

"யாரு?"

"கழுகு."

இருளப்பன் சிரிச்சுட்டான். "சரியான ஆளுதான்! யாரு இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு மேலேர்ந்து வட்டம் போட்டுட்டே சொல்லுவார்!"

"இன்னொண்ணும் இருக்குக்கா," வௌவால் குரலைத் தாழ்த்துனான். "குட்டிங்களுக்கு இலை கிடையாது."

சிலம்பாயி பொம்மி படுத்திருந்த பக்கம் திரும்பினா.

"'குட்டிங்களுக்கு என்ன பெரிய வலி வந்துடப் போகுது'ன்னு கரடி சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப அவங்க எதுக்கெடுத்தாலும் சிரிச்சாங்கக்கா. சும்மா கிடந்த ஒரு கல்லைப் பாத்துக்கூட சிரிச்சாங்க. நாளைக்கு உச்சி வெயில்ல குளத்துல அறிவிக்கப் போறாங்க."

உச்சி வெயில்ல, குளத்துல. ஏன்னு சொல்லணும்.

பஞ்சுமலையில ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சட்டமா இருந்தாலும் குளத்தங்கரையில மயில் கூவி அறிவிக்கும். அங்க நிக்குற மிருகங்க தலை குனிஞ்சா சம்மதம்னு அர்த்தம். ஒரே ஒரு தலை குனிஞ்சாக்கூடப் போதும், சட்டம் சட்டமாயிடும். ஒரு தலையும் குனியலைன்னா அந்தச் சட்டம் காத்தோட போயிடும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த மந்திரியும் மேகம் போட்ட நாள்ல அறிவிச்சதில்ல. சுட்டெரிக்கிற உச்சி வெயில்லதான் அறிவிப்பாங்க. அந்நேரம் எல்லாருக்கும் தொண்டை வறண்டிருக்கும். குளத்தைப் பாத்ததும் ஓடி வந்து குடிப்பாங்க. குடிக்கணும்னா குனியத்தானே வேணும்? அவ்வளவுதான், சம்மதம்!

இருளப்பன் முட்டியைத் தடவிக்கிட்டே யோசிச்சான். "தங்கச்சி, ராஜா கொட்டாவி விட்டா நாமளும் கூடவே விடணும்னு ஒரு சட்டம் இருக்கே, அதுக்கு நாம எப்ப சம்மதிச்சோம்?"

"எனக்கு நினைவில்லண்ணே."

"எனக்கு இருக்கு. அன்னைக்கு நல்ல தாகம்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

விடிஞ்சும் விடியாம காடெல்லாம் சுத்தினாங்க. நாளைக்கு, இல்ல, இன்னைக்கு உச்சியில யாரும் தண்ணி குடிக்கக்கூடாது. தலையைத் தூக்கியே நிக்கணும். அவ்வளவுதான் வேண்டுதல்.

நோயாளிங்க உடனே சரின்னாங்க. காட்டெருமைதான் அசைபோட்டுக்கிட்டே கேட்டார். "எனக்கு ஒரு நோயும் இல்ல. நான் ஏன்மா தாகத்தோட நிக்கணும்?"

"இன்னைக்கு உள்ள இலையைப் பத்திப் பேசுறாங்க மாமா. நாளைக்கு அதே குகைக்குள்ள புல்லைப் பத்திப் பேசுவாங்க."

அசைபோடுறது நின்னுச்சு. "புல்லைப் பத்தியா? அப்படியெல்லாம் பேச மாட்டாங்க!"

"பேச மாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கதவுதான் மூடியிருக்கே!"

காட்டெருமை வாயில இருந்த புல்லை ஒரு தடவை நல்லா பாத்தார். "எத்தனை மணிக்கு நிக்கணும்?"

காட்டுப்பன்றிக்கு வேற கஷ்டம். "எனக்குக் கழுத்தே இல்லையேண்ணே! தலையைத் தூக்கவே வராதே! நான் பொறந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் சம்மதம்தான் சொல்லிட்டிருக்கேனா?"

"மல்லாக்கப் படுத்துக்கோடா!"

பன்றி மல்லாக்கப் படுத்துப் பாத்தான். அவன் வாழ்க்கையில முதல் தடவையா வானத்தைப் பாத்தான். ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல. "இவ்வளவு நாளா இது இங்கதான் இருந்துச்சா?"ன்னு கேட்டான்.

பாம்பு படமெடுத்து நிக்கிறேன்னுச்சு. வௌவாலுக்குத்தான் குழப்பம். "நான் தலைகீழா தொங்குறேனே, என் தலை குனிஞ்சிருக்கா நிமிந்திருக்கா?" அன்னைக்கு மட்டும் அவனை வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டாங்க.

உச்சி வெயில் வந்துச்சு.

காத்து நின்னு போச்சு. இலை அசையல. தரையிலேர்ந்து அனல் நெளிஞ்சு நெளிஞ்சு மேல போகுது, அதுக்கு அந்தப் பக்கம் மரமெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குற மாதிரி ஆடுது. குளம் மட்டும் அப்படியே கிடக்கு. வானத்துல ஒரு துண்டு கழண்டு விழுந்து கிடக்குற மாதிரி நீலமா, சத்தமில்லாம.

ராஜா வந்தார். ஆராய்ச்சி அதிகமாயிடுச்சு போல. நடந்து வந்தாரா மிதந்து வந்தாரான்னு அவருக்கே தெரியல. ஒரு பாறையில சாஞ்சு பாதிக் கண்ணை மூடிக்கிட்டார். கரடியும் நரியும் ரெண்டு பக்கமும் நின்னாங்க.

மயில் தொண்டையைச் செருமிட்டுக் கூவுச்சு. வேலி, உருண்டை, பாதித் தீனி, கழுகு வைத்தியர், குட்டிங்களுக்குக் கிடையாது. எல்லாத்தையும் ராகம் போட்டுக் கூவி முடிச்சுது.

"சம்மதமா?"

சுத்தி எல்லா மிருகமும் நிக்குது. எல்லாத் தலையும் மேல. ஒரு நாக்குகூடத் தண்ணி பக்கம் போகல. பன்றி மல்லாக்கக் கிடக்கான், நாலு காலும் வானத்தைப் பாத்து.

கரடிக்கு ஒண்ணும் புரியல. "என்ன, யாருக்கும் தாகமில்லையா? இன்னைக்குத் தண்ணி ரொம்ப சில்லுனு இருக்கு!"



நரி மெதுவா கரையோரம் நடந்தான். காலால தண்ணியை அலம்பினான். சளக் சளக்னு சத்தம். எல்லாத் தொண்டையும் ஒரு தடவை ஏறி இறங்குச்சு. தலை மட்டும் இறங்கல.

"ஐயோ, கீழ பாருங்க! பாம்பு!"ன்னு கத்தினான்.

"நான் இங்க இருக்கேன்," பின்னாடியிலேர்ந்து பாம்பு சொல்லுச்சு. "நானும் மேலதான் பாத்துட்டிருக்கேன்."

நேரம் ஓடுச்சு. வெயில் முதுகுல ஏறி உக்காந்துக்கிச்சு. தண்ணியைப் பாக்காம இருக்க எல்லாரும் மேகத்தையே பாத்தாங்க. பாக்கப் பாக்க மேகம் வேற வேறயா மாறுச்சு. "அதோ, புல்லு குவிச்சு வெச்சிருக்கு,"ன்னு காட்டெருமை முணுமுணுத்தார். "அது புல்லு இல்ல மாமா, கிழங்கு,"ன்னான் பன்றி. நாரை அதுல தன் பழைய சிறகைப் பாத்துச்சு, யாருகிட்டயும் சொல்லல. ஒரு இலையும் மெல்லாமலே காடு மொத்தமும் நின்னுக்கிட்டே கனவு கண்டுச்சு.

பொம்மி அம்மா பக்கத்துல நின்னா. சின்னக் கழுத்தை எட்டுற வரைக்கும் நீட்டி நின்னா.

"அம்மா, ஒரு மேகம் நம்ம இருளப்பன் மாமா மாதிரியே முள்ளு முள்ளா இருக்கும்மா!"

"ஆமாண்டி."

"அம்மா, அது ரெண்டா..."

அவ்வளவுதான். நாலு காலும் விறைச்சுக்கிச்சு. கண்ணு செருகிக்கிச்சு. உடம்பு உதறுச்சு. தலை தொப்புனு விழுந்து, வாய் தண்ணியில பட்டுச்சு.

"குனிஞ்சாச்சு!" கரடி துள்ளிக் குதிச்சார். "ஒரு தலை குனிஞ்சாச்சு! சம்மதம்! சட்டம் சட்டமாயிடுச்சு! எல்லாரும் தாராளமா குடிக்கலாம்!"

"பழக்கம் பழக்கம்தான்!" நரி வாலை ஆட்டினான். "ஒரு தலை போதும்!"

யாரும் குடிக்கல.

எதைப் பாத்தாலும் ஒரு கேலி சொல்ற இருளப்பன் நொண்டி நொண்டி வந்து குட்டி பக்கத்துல நின்னான். அவன் முள்ளெல்லாம் தானா நிமிந்து நின்னுச்சு.

சிலம்பாயி கத்தல, குரைக்கல. மண்டி போட்டா. தன் கழுத்தைக் குட்டியோட தாடைக்கு அடியில குடுத்து, அந்தத் தலையைத் தண்ணியிலேர்ந்து மெல்லத் தூக்கிப் பிடிச்சா. பொம்மியோட உதறல் அம்மா கழுத்து வழியா அவ உடம்பு முழுக்க இறங்குச்சு. ரெண்டு பேரும் சேந்தே நடுங்கினாங்க.

"ராஜா," அப்படின்னா. "இது சம்மதம் இல்ல. இதுதான் அந்த நோய். நீங்க உள்ள உக்காந்து பேசினது இதைப் பத்தித்தான். இப்பதான் இதை மொத மொதல்ல பாக்குறீங்க."

ராஜா பாதிக் கண்ணைத் திறந்தார். அப்புறம் முழுக் கண்ணையும் திறந்தார். பாறையிலேர்ந்து இறங்கி, தள்ளாடித் தள்ளாடிக் கரைக்கு வந்தார். ஒரு சிங்கம் அவ்வளவு கிட்ட வந்தும் சிலம்பாயி நகரல. நகந்தா குட்டி தலை விழுந்துடும்.

"குட்டிங்களுக்கும் இந்த நோய் வருமா?" ராஜா கரடியைப் பாத்துக் கேட்டார். "நீ ஏன்யா சொல்லல?"

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே ராஜா!"

"சொல்லத்தான் வந்தோம்," இருளப்பன் சொன்னான். குரல்ல கேலி இல்ல. "இடமில்லைன்னீங்க."

நரி குறுக்க புகுந்தான். "ராஜா, பரிதாபம் வேற, பழக்கம் வேற. தலை குனிஞ்சது குனிஞ்சதுதான். அதை மாத்தினா நாளைக்கு எந்தச் சட்டமும் நிக்காது!"

ராஜா சுத்திப் பாத்தார். நாக்கு தொங்க நிக்குற காட்டெருமை. மல்லாக்கக் கிடக்குற பன்றி. படம் எடுத்து எடுத்துக் களைச்சு ஆடிக்கிட்டிருக்குற பாம்பு. தண்ணி ரெண்டு அடி தள்ளித்தான். ஒருத்தரும் தொடல.

"அந்தத் தலை குனியலடா," ராஜா சொன்னார். "விழுந்துச்சு. குனியறதுக்கும் விழுறதுக்கும் வித்தியாசம் தெரியாத ரெண்டு பேரோட நான் இவ்வளவு நாளா உள்ள உக்காந்து சிரிச்சிருக்கேன்."

கரடி கீழ பாத்தார். அப்புறம்தான் தானே தலை குனிஞ்சுட்டோம்னு உறைச்சு, சடார்னு நிமிந்தார்.

"மயிலே, கூவு! இந்தச் சட்டம் காத்தோட போச்சுன்னு கூவு! சீக்கிரம்! அந்தக் குட்டிக்கு இலை எங்க?"

இலையோட ஒருத்தன் ஏற்கெனவே வந்துட்டிருந்தான். காவலுக்கு நின்ன செந்நாய். குளத்தங்கரைச் சத்தம் கேட்டு மேட்டுலேர்ந்து எட்டிப் பாத்தவன், பாக்கக்கூடாதுன்னு பயந்ததைப் பாத்துட்டான். அப்புறம் யாரு உத்தரவுக்கும் அவன் காத்திருக்கல. வாயில கவ்வின கொத்தோட நாலு கால் பாய்ச்சல்ல வந்து சிலம்பாயி முன்னாடி போட்டான்.

சிலம்பாயியால கழுத்தை எடுக்க முடியல. இருளப்பன்தான் இலையை மென்னான். மென்ன சாறைப் பொம்மி நாக்குல தடவினான். விறைச்ச கால் ஒண்ணு தளந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. உதறல் கொஞ்சம் கொஞ்சமா குளத்து அலை மாதிரி சின்னதாகி, சின்னதாகி, நின்னுச்சு.

பொம்மி கண்ணைத் திறந்தா.

"அம்மா, இப்ப நீ ஒண்ணாத்தான் இருக்க."

சிலம்பாயி அப்பதான் குரைச்சா. பக்கத்து மலை எழுந்து உக்காந்துடுச்சு!

அதுக்கப்புறம்தான் காடு தண்ணி குடிச்சுது. குடிச்ச குடியில குளம் ஒரு அடி இறங்கிப் போச்சு. குனியறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை மயிலைப் பாத்து, "இது தாகம்! வெறும் தாகம்!"னு சொல்லிட்டுத்தான் குனிஞ்சாங்க.

மறுநாள் யானைங்க போய்க் குகைப் பாறையை உருட்டித் தள்ளிடுச்சுங்க. சொக்கிலைப் பேச்சு புதுசா ஆரம்பிச்சுது, இந்தத் தடவை குளத்தங்கரையில, எல்லாரும் பாக்க. சுலபமா முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. ஒரே கூச்சல். குரங்குங்க தங்களுக்கும் நோய்தான்னு சாதிச்சுதுங்க, என்ன நோய்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லிச்சுங்க. காக்கா பேச ஆரம்பிச்சா நிறுத்தவே இல்ல. நரியும் வந்து உக்காந்தான், வேண்டாம்னு யாரும் சொல்லல. ஆனா வரிசைப்படிதான் பேசணும்னாங்க. அவனுக்கு முன்னாடி ஆமை. ஆமை தன் முதல் வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள மழைக்காலமே வந்துடுச்சு.

அதுவரைக்கும் சரிவு திறந்தே இருந்துச்சு. செந்நாய் அங்கதான் நின்னான், வர்ற நோயாளிங்களுக்கு வழி காட்டிக்கிட்டு. பேசிப் பேசி, சண்டை போட்டு, கடைசியில ஒரு சட்டம் வந்துச்சு. வலி உள்ளவங்களுக்கு இலை உண்டு, குட்டின்னாலும் சரி, கிழமுன்னாலும் சரி. வேடிக்கைக்கு மேயுறவங்க அருவி பக்கம் போகக்கூடாது. மயில் அதைக் கூவினது நல்ல மேகம் போட்ட நாள்ல, எல்லாரும் வயிறு நிறையத் தண்ணி குடிச்சதுக்கு அப்புறம். தாகமே இல்லாம ஒவ்வொரு தலையா குனிஞ்சுது. பொம்மியும் குனிஞ்சா. தானாக் குனிஞ்சா, தானா நிமிந்தா, அப்புறம் தண்ணிக்குள்ள தெரிஞ்ச ஒரு மேகத்து மேல காலை வெச்சுப் பாத்துட்டு, அது உடைஞ்சதும் அதுகிட்ட மன்னிப்பு கேட்டா.

யாரோட வலிக்காகச் சட்டம் போடுறோமோ அவங்களையே கதவுக்கு வெளிய நிறுத்திட்டுப் போட்டா, அவங்க தலை விழுறதுகூட நமக்குச் சம்மதமாத்தான் தெரியும்.